உம் ரஷ்ரஷ், மார்ச் 1949: கரை கிடைத்தது, கடல் கிடைக்கவில்லை

1949 மார்ச் 10, வியாழக்கிழமை. பிற்பகல் 3 மணி வாக்கில் இஸ்ரேலின் நெகெவ் படைப்பிரிவைச் சேர்ந்த வண்டிகள் அகபா வளைகுடாவின் வடமுனைக்கு வந்து சேர்ந்தன. அங்கே இருந்தவை பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்துக் காவல் சாவடி ஒன்றும் அதைச் சுற்றி நாலைந்து மண்கட்டடங்களும்தான். இடத்தின் பெயர் உம் ரஷ்ரஷ். காவலுக்கு யாரும் இல்லை. ஜோர்தானின் அரபுப் படையணி முன்பே விலகிப் போயிருந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து வேறு பாதையில் வந்த கோலானி படைப்பிரிவும் சேர்ந்துகொண்டது. முதல் அரபு–இஸ்ரேல் போரின் கடைசி ராணுவ நடவடிக்கை, அநேகமாக ஒரு குண்டுகூட வெடிக்காமல், அங்கே முடிந்தது.

அந்த மண்கட்டடங்கள் இருந்த இடத்தில் இன்று ஐலாத் நகரம் இருக்கிறது. 50,000-க்கும் மேற்பட்ட மக்கள், வரிசையாக ஹோட்டல்கள், ஒரு துறைமுகம். எதிரே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில், ஜோர்தானின் அகபா நகரம்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கொடி ஏற்றிய படத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் படத்தைப் பற்றி நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என்னை இந்த நிகழ்வுக்குள் இழுத்தவை வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, இந்தக் கரையைப் பிடிக்க உதவியது பீரங்கியைவிட நாட்காட்டிதான். இரண்டு, பிடித்தது கரையை மட்டும். அந்தக் கரைக்கு அர்த்தம் தரும் கடல்வழி, அங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டர் தெற்கே, வேறொருவர் கையில் இருந்தது. அதற்காக இன்னும் இரண்டு போர்கள் நடந்தன.

அந்த முனை ஏன் வரைபடத்தில் வந்தது

1906-ல் உஸ்மானியப் பேரரசுக்கும், எகிப்தை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷாருக்கும் இடையே இதே இடத்தில் ஒரு நெருக்கடி வந்தது. துருக்கிப் படையினர் தாபாவில் வந்து உட்கார்ந்தார்கள். பிரிட்டன் மிரட்டியது. கடைசியில் மத்தியதரைக் கடலோர ரஃபாவிலிருந்து அகபா வளைகுடாவின் தாபா வரை ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். அன்றைக்கு அது இரண்டு பேரரசுகளுக்கு இடையிலான நிர்வாகக் கோடு. பின்னாளில் எகிப்து–பாலஸ்தீன எல்லையாகவும், அப்புறம் எகிப்து–இஸ்ரேல் எல்லையாகவும் நிலைத்துவிட்டது. கிழக்குப் பக்கத்தில் 1925-ல் அகபாவும் மஆனும் டிரான்ஸ்ஜோர்தானோடு (இன்றைய ஜோர்தான்) சேர்க்கப்பட்டன. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே பாலஸ்தீனத்துக்கு மிச்சமானது, தெற்கே போகப் போகக் கூர்மையாகிக்கொண்டே போகும் நெகெவ் என்ற முக்கோணப் பாலை. அதன் நுனிதான் உம் ரஷ்ரஷ். நுனியில் இருந்த கடற்கரை மொத்தமே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

1947-ல் ஐ.நா. பிரிவினைத் திட்டம் தயாரானபோது, நெகெவின் தெற்குப் பகுதியை அரபு அரசுக்குக் கொடுத்துவிடலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை நினைத்தது. அதைக் கேள்விப்பட்ட சியோனிய இயக்கத் தலைவர் கைம் வைஸ்மன், உடல்நலம் சரியில்லாத நிலையிலும், நவம்பர் 19 அன்று வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் ட்ரூமனைச் சந்தித்தார். நெகெவையும் வளைகுடாக் கரையையும் பற்றி விளக்கினார். அந்தப் பிற்பகலிலேயே ட்ரூமன் ஐ.நா.வில் இருந்த அமெரிக்கக் குழுவோடு தொலைபேசியில் பேசினார். பத்து நாள் கழித்து, நவம்பர் 29-ல், பொதுச் சபை ஏற்றுக்கொண்ட திட்டத்தில் உம் ரஷ்ரஷ் யூத அரசின் பக்கம் இருந்தது. ஒரே ஒரு சந்திப்பு ஒரு கடற்கரையின் தலையெழுத்தை மாற்றியது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனாலும், அந்தச் சந்திப்பு நடக்காமல் போயிருந்தால் அந்த முனை அரபு அரசின் பங்குக்குப் போயிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது.

காகிதத்தில் கிடைத்தது வேறு, தரையில் கிடைப்பது வேறு. 1948 மே மாதம் போர் தொடங்கியபோது இஸ்ரேலின் படைகள் நெகெவின் வடக்கு ஓரத்தைத் தக்கவைக்கவே திணறின. எகிப்தியப் படை மேற்கே, அரபுப் படையணி கிழக்கே. அந்த ஆண்டு ஐ.நா. சமரசத் தூதர் ஃபோல்கே பெர்னடோட் தயாரித்த திட்டம், மஜ்தல்–ஃபலூஜா கோட்டுக்குத் தெற்கே உள்ள நெகெவை அரபுத் தரப்புக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மேற்கு கலிலேயாவை இஸ்ரேலுக்குக் கொடுக்கச் சொன்னது. செப்டம்பர் 17-ல் ஜெருசலேமில் லேஹி என்ற யூதத் தீவிரவாத இயக்கத்தினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கொல்லப்பட்டாலும் திட்டம் சாகவில்லை. மூன்று நாள் கழித்து அது வெளியிடப்பட்டது, பிரிட்டனும் அதை ஆதரித்தது.

பிரிட்டனின் கணக்கு எளிது. சூயஸில் அதற்குப் பெரிய ராணுவத் தளம் இருந்தது. டிரான்ஸ்ஜோர்தானின் மன்னர் அப்துல்லா அதன் நம்பகமான கூட்டாளி. இரண்டையும் நிலவழியாக இணைப்பது தெற்கு நெகெவ். அரபு நாடுகளுக்கோ அது இன்னும் பெரிய விஷயம். எகிப்திலிருந்து ஜோர்தான், சிரியா, ஹிஜாஸ் என்று கிழக்கே போகும் நிலத்தொடர்ச்சி முழுவதும் அந்த ஒற்றை முக்கோணத்தின் வழியாகத்தான் போனது. கெய்ரோவிலிருந்து வந்த ஹஜ் பயணக் கூட்டங்கள் நூற்றாண்டுகளாக எகிப்தின் சினாய்த் தீபகற்பத்தைக் கடந்து, ராஸ் அந்-நக்ப் மேட்டிலிருந்து அகபாவுக்கு இறங்கியது இந்த வழியில்தான். மேற்கத்தியக் கட்டுரைகள் உம் ரஷ்ரஷைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. அந்தக் கரையின் அளவைப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். அது அறுத்த பாதையைப் பார்த்தால்தான் அரபு உலகில் அந்தப் பெயர் இன்னும் ஏன் வலிக்கிறது என்பது புரியும்.

பதினைந்து நாள் இடைவெளி

1948 அக்டோபரில் பீர்ஷெபா இஸ்ரேல் கைக்கு வந்தது. டிசம்பர் கடைசியில் தொடங்கிய அடுத்த தாக்குதலில் எகிப்தியப் படை பின்வாங்கியது, இஸ்ரேல் படை சினாய்க்குள்ளேயே நுழைந்தது. பிரிட்டன் கடுமையாக எச்சரித்தது. 1949 ஜனவரி 7-ல் இஸ்ரேல் தரப்பு 5 பிரிட்டிஷ் போர் விமானங்களை வீழ்த்தியது. நிலைமை கைமீறிப் போகும் என்ற கட்டத்தில் சண்டை நிறுத்தம் வந்தது. அதே ஜனவரியில் பிரிட்டன், அப்துல்லாவோடு இருந்த உடன்படிக்கையின் பேரில், அகபாவில் தன் துருப்புகளை இறக்கியது.

இந்தப் படையை வெறும் பின்னணித் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உம் ரஷ்ரஷிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நிற்கிறார்கள். அங்கே ஒரு தவறான துப்பாக்கிச் சூடு, ஒரு புதிய நாட்டை பிரிட்டனோடு நேரடிப் போருக்குள் தள்ளியிருக்கும். இஸ்ரேல் தளபதிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 24-ல், ரோட்ஸ் தீவில், பெர்னடோட்டுக்குப் பின் சமரசப் பணியை ஏற்ற ரால்ஃப் பன்ச் முன்னிலையில் எகிப்தும் இஸ்ரேலும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எகிப்தியப் படை இனி தெற்கு நெகெவுக்காகச் சண்டைக்கு வராது. மார்ச் 4-ல் அதே தீவில் ஜோர்தானோடு பேச்சு தொடங்கியது. இஸ்ரேல் பக்கம் ரூவென் ஷிலோவாவும் மோஷே தயானும், ஜோர்தான் பக்கம் கர்னல் அஹமத் சித்கி அல்-ஜுந்தியும் இருந்தார்கள். ஜோர்தானோடு சண்டை நிறுத்தம் கையெழுத்தானது மார்ச் 11-ல். படைகள் எங்கே நிற்கின்றனவோ அங்கேயே நிற்கும் என்பதுதான் அதன் சாரம்.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிப்ரவரி 24-க்குப் பிறகு எகிப்து ஒதுங்கிவிட்டது. மார்ச் 11-க்குப் பிறகு ஜோர்தானோடு கோடு உறைந்துவிடும். நடுவே இருப்பது பதினைந்து நாள். உம் ரஷ்ரஷைப் பிடித்த உவ்டா நடவடிக்கை மார்ச் 5-ல் கிளம்பி 10-ல் முடிந்தது. எபிரேயத்தில் உவ்டா என்றால் நிகழ்ந்துவிட்ட உண்மை என்று பொருள். பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும் முன்பே தரையில் ஓர் உண்மையை உண்டாக்கிவிட வேண்டும் என்ற நோக்கத்தை அவர்கள் பெயரிலேயே வைத்திருந்தார்கள்.

சண்டை போடாமல் போங்கள்

தெற்குப் போர்முனையின் தளபதி யிகால் அல்லோன். திட்டம் இரண்டு கிளை கொண்டது. நஹூம் சாரிக் தலைமையிலான நெகெவ் படைப்பிரிவு பீர்ஷெபாவிலிருந்து நடு நெகெவ் மலைகளுக்குள் புகுந்து, எகிப்து எல்லையை ஒட்டி வரும். நஹூம் கோலான் தலைமையிலான கோலானி படைப்பிரிவு கிழக்கே அரவா பள்ளத்தாக்கு வழியாக, ஜோர்தான் எல்லையை ஒட்டி இறங்கும். மூன்றாவதாக அலெக்சாண்ட்ரோனி படைப்பிரிவின் ஒரு பகுதி சாக்கடலில் படகில் போய் ஐன் கெதியைப் பிடிக்கும். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

அரசியல் தலைமை கொடுத்த உத்தரவு, முடிந்தவரை மோதலைத் தவிர்க்கச் சொன்னது. பிரிட்டிஷ் துருப்புகள் பக்கத்திலேயே நிற்பதால் அதற்கு வேறு வழியும் இல்லை. இந்த ஒரு கட்டுப்பாடுதான் முழு நடவடிக்கையின் வடிவத்தையும் தீர்மானித்தது. அரவா பள்ளத்தாக்கில் நேரான பாதை இருந்தது. ஆனால் அங்கே அரபுப் படையணியின் சிறு காவல் பிரிவுகளும் இருந்தன. அந்த வழியில் மட்டும் போனால் அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். எனவே நெகெவ் படைப்பிரிவு, யாரும் எதிர்பார்க்காத மலைவழியில் போய் அவர்களுக்குப் பின்னால் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால், சுற்றி வளைக்கப்பட்டுவிடுவோம் என்ற கவலையில் காவல் பிரிவுகள் தானாகவே விலகும்.

பீர்ஷெபாவுக்குத் தெற்கே சொல்லிக்கொள்ளும்படியான சாலை கிடையாது. ராமோன் பெரும்பள்ளம், சுமார் 40 கிலோமீட்டர் நீளம், செங்குத்தான விளிம்புகள். ஒட்டகமும் ஆட்டுமந்தையும் போகும் தடங்களில் ஜீப்பையும் லாரியையும் இறக்க வேண்டும். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து, பாறையை உடைத்து, தடத்தை அகலப்படுத்திக்கொண்டே போனார்கள். முன்னால் போன உளவுப் பிரிவினர் அந்தப் பாலையில் மாதக்கணக்கில் அலைந்து பழகியவர்கள்.

எனக்கு இந்த முழு நடவடிக்கையிலும் மிக முக்கியமாகப் படுவது, கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முன்பு நடந்த ஒரு வேலை. மார்ச் 6-ல் நெகெவ் படைப்பிரிவின் சிறு குழு ஒன்று மலைகளுக்கு நடுவே ஒரு சமவெளியை அடைந்தது. அங்கே கற்களையும் செடிகளையும் அகற்றி ஒரு விமான ஓடுபாதையை உண்டாக்கினார்கள். அதற்கு ஆபிரகாம் வெளி என்று பெயர் வைத்தார்கள். உடனே சரக்கு விமானங்கள் வந்து இறங்கத் தொடங்கின. ஆட்கள், எரிபொருள், சாமான்கள் எல்லாம் வானில் வந்தன. ஏன் இது முக்கியம் என்றால், பீர்ஷெபாவிலிருந்து உம் ரஷ்ரஷ் வரை போகத் தேவையான எரிபொருளையும் தண்ணீரையும் அந்த மலைத்தடத்தில் லாரியிலேயே சுமந்து போயிருந்தால், சுமையே பயணத்தைத் தின்றிருக்கும். நடுவழியில் ஓர் ஓடுபாதை கிடைத்ததும் பாதித் தூரம் சுருங்கிவிட்டது. அதே சமவெளிப் பகுதியில்தான், எகிப்தோடு சமாதானம் வந்தபிறகு, சினாயில் காலி செய்த தளங்களுக்கு மாற்றாக அமெரிக்க உதவியுடன் உவ்டா விமானப்படைத் தளம் கட்டப்பட்டது.

கோலானி பக்கம் அரவாவில் நகர்ந்துகொண்டிருந்தது. வழியில் அரபுப் படையணியினரோடு சில இடங்களில் துப்பாக்கிச் சூடு பரிமாறப்பட்டது. பெரிய மோதலாக மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். ரோட்ஸில் ஜோர்தான் தரப்பு பன்ச்சிடம் முறையிட்டது. இஸ்ரேல் தரப்பு, எங்கள் படைகள் டிரான்ஸ்ஜோர்தான் எல்லையைத் தாண்டாது என்று உறுதி சொன்னது. அப்துல்லா பிரிட்டனிடம் உதவி கேட்டார். பிரிட்டன் சொன்ன பதில் தெளிவு: உடன்படிக்கை உங்கள் நாட்டு மண்ணுக்குத்தான், எல்லைக்கு மேற்கே இருக்கும் உங்கள் ஆட்களுக்கு அது பொருந்தாது. அந்தப் பதில் வந்தவுடனேயே உம் ரஷ்ரஷின் கதை முடிந்துவிட்டது என்பேன். பாலையில் சிதறி நின்ற சிறு பிரிவுகளை வைத்துக்கொண்டு இரண்டு படைப்பிரிவுகளை எதிர்க்க முடியாது. அவர்கள் விலகினார்கள்.

நெகெவ் படைப்பிரிவு எல்லையோர ராஸ் அந்-நக்ப் காவல் சாவடியை அடைந்தது. அங்கிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தை விட்டுக் கீழே இறங்கினால் வளைகுடா. ஹஜ் பயணிகள் இறங்கிய அதே மேடு. இறங்கினார்கள். சாவடி காலியாக இருந்தது.

மைக்கொடி

வந்து சேர்ந்தவர்களிடம் ஏற்றுவதற்கு ஒரு தேசியக் கொடி இல்லை. சாரிக் கொடி ஒன்றைச் செய்யச் சொன்னார். படைப்பிரிவின் அலுவலகப் பணியில் இருந்த ஒரு பெண் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் மையால் மேலும் கீழும் இரண்டு பட்டைகள் தீட்டினார்கள். முதலுதவிப் பையில் இருந்த தாவீது நட்சத்திரத்தைக் கிழித்தெடுத்து நடுவில் தைத்தார்கள். ஆப்ரஹாம் அதான் என்ற கம்பெனித் தளபதி, அப்போது வயது 22, கம்பத்தில் ஏறி அதைக் கட்டினார். எல்லாரும் அவரை ப்ரென் என்றுதான் கூப்பிடுவார்கள். 1973 போரில் சூயஸ் கால்வாயைக் கடந்த டாங்கிப் பிரிவுகளில் ஒன்றின் தளபதியும் அவரேதான்.

படை வீரர்களில் ஒருவரான மிகா பெரி அந்தக் கணத்தைப் படம் எடுத்தார். கம்பத்தில் தொற்றிக்கொண்டு ஏறும் மனிதர், கீழே சிலர். இஸ்ரேலில் பள்ளிப் புத்தகம் வரை போன படம் அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் கொடி ஏற்றிய ஈவோ ஜீமா படத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். கொடி பிற்பாடு காணாமல் போய்விட்டது. வெண்கலச் சிற்பம் ஒன்று அந்த இடத்தில் நிற்கிறது.

இந்தப் படம் பரவியதற்கு ஒரு காரணம் அதன் எளிமை. இன்னொரு காரணம், சண்டையில்லாத ஒரு நடவடிக்கைக்கு அதுவே வெற்றியின் சான்றாக அமைந்தது. கோட்டை இடிந்தோ எதிரி சரணடைந்தோ எடுத்த படம் என்று எதுவும் இல்லை. அரசுக்குப் போன தந்தியும் அதே தொனியில் இருந்தது. பல்மாஹின் நெகெவ் படைப்பிரிவும் கோலானி படைப்பிரிவும் ஐலாத் வளைகுடாவை இஸ்ரேல் நாட்டுக்குப் பரிசளிப்பதாக அதில் எழுதினார்கள். நாடு உருவாகும் முன்பே இருந்த யூத அதிரடிப் படையான பல்மாஹின் பெயரை அதில் எழுதியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சில மாதம் முன்பு, 1948 நவம்பரில், பல்மாஹின் தனித் தலைமையகத்தைப் பிரதமர் பென்-குரியன் கலைத்திருந்தார். கலைக்கப்பட்ட அமைப்பின் பிள்ளைகள், போரின் கடைசிக் கரையை நாட்டுக்குக் கொடுக்கும்போது தங்கள் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இது சட்டப்படி சரியா

எகிப்து இதை எளிதில் விடவில்லை. பிப்ரவரி 24-ல் போர்நிறுத்தம் கையெழுத்தான பிறகு, மார்ச் 10-ல் முன்னேறி வந்தது ஒப்பந்தத்தை மீறியதுதான் என்பது அதன் வாதம். இஸ்ரேல் தரப்பு, 1947 பிரிவினைத் திட்டமே அந்த இடத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கிறது, நாங்கள் எங்கள் நிலத்துக்குத்தான் போனோம் என்றது. முன்னேற்றம் நடந்தபோது பாதுகாப்பு அவையின் பொதுவான சண்டை நிறுத்த உத்தரவு நடைமுறையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இஸ்ரேலின் நிலை அவ்வளவு பலமானது என்று சொல்ல முடியாது. உரிமை இருப்பதும், சண்டை நிறுத்தக் காலத்தில் படையை நகர்த்துவதும் ஒன்றாகிவிடாது.

எகிப்து–இஸ்ரேல் கூட்டுப் போர்நிறுத்த ஆணையத்தின் சிறப்புக் குழு 1950 மார்ச் 20-ல் பிர் கத்தார் என்ற, வளைகுடாவை ஒட்டிய இடத்தைப் பற்றி ஒரு முடிவெடுத்தது. அந்த முடிவின்படி பிர் கத்தாரிலிருந்து தன் படைகள் வெளியேறும் என்று இஸ்ரேல் சொன்னதை, 1950 நவம்பர் 17-ல் பாதுகாப்பு அவை தன் 89-ஆம் தீர்மானத்தில் குறித்துவைத்தது. உம் ரஷ்ரஷைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பிர் கத்தார் விவகாரத்தைத் தொடுவதே இல்லை. கொடிப் படத்தின் வெளிச்சத்தில் இது மறைந்துபோனது வருத்தம்தான். தரையில் ஏற்பட்ட உண்மையை ஐ.நா. அமைப்பு ஆவணங்களில் கேள்வி கேட்டது, ஆனால் தரையை மாற்ற முடியவில்லை. கரை அப்படியே இஸ்ரேல் கையில் இருந்தது.

உம் ரஷ்ரஷ் எகிப்தின் நிலம், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற குரல் எகிப்தில் அவ்வப்போது இன்றும் எழுகிறது. 1906 கோட்டை வைத்துப் பார்த்தால் அந்த இடம் பாலஸ்தீனத்தின் பக்கத்தில்தான் விழுகிறது. ஆகவே அந்தக் கோரிக்கைக்கு வரைபட ஆதாரம் பலவீனம். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் வலி, நான் முன்னே சொன்ன நிலத்தொடர்ச்சியைப் பற்றியது. இன்று எகிப்திலிருந்து ஜோர்தானுக்குப் போகும் ஒரு தொழிலாளியோ யாத்திரிகரோ, சினாயின் நுவைபாவில் படகேறி அகபாவில் இறங்குகிறார். இடையில் இருக்கும் அந்தப் பத்துச் சொச்சம் கிலோமீட்டர் கரைக்காகத்தான் அந்தக் கடற்பயணம்.

பாலைக்குள் வாழ்ந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போருக்கு முன் நெகெவில் பல்லாயிரக்கணக்கான பதூவினர் இருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் மிஞ்சியது சுமார் 11,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் வடக்கே ஒரு வரையறுக்கப்பட்ட பகுதிக்குள் ராணுவ ஆட்சியின் கீழ் வைக்கப்பட்டார்கள். காலியாகக் கிடந்த பாலை என்ற வர்ணனையைப் படிக்கும்போதெல்லாம் இந்த எண்ணையும் கூடவே நினைக்க வேண்டும்.

கடலின் சாவி வேறு இடத்தில்

சரி, கரை வந்தது. அடுத்து என்ன? 1949-ல் அங்கே கரையோரம் ஒரு கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) வந்தது. சில ஆண்டுகளில் ஒரு சிறு துறையும் ஊரும் வந்தன. ஆனால் கப்பல் வரவில்லை. செங்கடலிலிருந்து அகபா வளைகுடாவுக்குள் வர வேண்டுமானால் டிரான் நீரிணையைக் கடக்க வேண்டும். அங்கே பவளத் திட்டுகள் நிறைய. பெரிய கப்பல் போகக்கூடிய ஆழமான வழி சினாய்க் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. கரையில் சில பீரங்கிகளை வைத்தால் போதும், வளைகுடாவையே பூட்டிவிடலாம். 1950 தொடக்கத்தில், சவூதி அரேபியாவின் சம்மதத்துடன், டிரான், சனாஃபிர் தீவுகளில் எகிப்து படையை வைத்தது. எதிரே சினாய்க் கரையின் ராஸ் நஸ்ரானியில் பீரங்கிகளை நிறுத்தியது. 1955 செப்டம்பரில் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியது.

இதனால் உவ்டா நடவடிக்கை தன் நோக்கத்தில் பாதியைத்தான் அடைந்தது என்பது என் மதிப்பீடு. பென்-குரியன் 1930-களிலிருந்தே அந்த வளைகுடாவை ஆசியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போகும் வாசலாகப் பார்த்தவர். வாசல் கிடைத்துவிட்டது, ஆனால் தெருமுனையில் வேறொருவர் வேலி போட்டிருந்தார்.

1956 அக்டோபர்–நவம்பரில் பிரிட்டன், பிரான்சோடு சேர்ந்து இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது. ஆப்ரஹாம் யோஃபே தலைமையிலான 9-ஆம் படைப்பிரிவு ஐலாத் பக்கத்திலிருந்து கிளம்பி, சினாயின் கிழக்குக் கரையோரமாகக் கரடுமுரடான பாதையில் இறங்கி, நவம்பர் 5-ல் ஷார்ம் எல்-ஷேக்கைப் பிடித்தது. 1949-ல் உம் ரஷ்ரஷுக்குப் போன பயணத்தின் நீட்சியாகவே இதை நான் பார்க்கிறேன். அதே வகையான பாலைப் பயணம், அதே கடலுக்காக. 1957 மார்ச்சில் இஸ்ரேல் விலகியது, ஐ.நா. படை அங்கே வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் ஐலாத் உண்மையிலேயே துறைமுகமாகத் தொடங்கியது. ஈரானிய எண்ணெய் வந்தது, குழாய்கள் போடப்பட்டன, 1960-களின் நடுவில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது.

பத்தே ஆண்டு. 1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் ஐ.நா. படையை வெளியேறச் சொன்னார். அந்தப் படையின் தளபதியாக அப்போது இருந்தவர் இந்தியரான மேஜர் ஜெனரல் இந்தர் ஜித் ரிக்யே. மே 16 இரவு அந்தக் கடிதம் அவர் கைக்குத்தான் வந்தது. ஒரு வாரத்துக்குள், மே 22-ல், நீரிணை மூடப்பட்டதாக நாசர் அறிவித்தார். ஜூன் 5-ல் போர். அந்தப் போருக்குக் காரணங்கள் பல. நீரிணையை மூடியது போருக்குச் சமம் என்று இஸ்ரேல் முன்கூட்டியே சொல்லி வந்திருந்தது என்பதும், அந்த நீரிணையால் இஸ்ரேல் பக்கம் நேரடியாகப் பாதிக்கப்படும் ஒரே ஊர் ஐலாத் என்பதும் அவற்றில் முக்கியமானவை. 1979 எகிப்து–இஸ்ரேல் உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு டிரான் நீரிணையை எல்லா நாடுகளுக்கும் திறந்த சர்வதேச நீர்வழி என்று ஏற்றுக்கொண்டது. 1949-ல் தொடங்கிய வேலை முடிய 30 ஆண்டு பிடித்தது, அதுவும் கையெழுத்தில்தான் முடிந்தது.

ஊர்

ஐலாத் 1959-ல் நகர அந்தஸ்து பெற்றது. பக்கத்தில் தீம்னாவில் செப்புச் சுரங்கம் வேலை கொடுத்தது, பிறகு அது மூடப்பட்டது. மழை கிட்டத்தட்ட இல்லாத ஊருக்குத் தண்ணீர் கொடுக்கக் கடல்நீரையும் உவர்நீரையும் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலில் அந்தத் தொழில்நுட்பம் முதலில் கால் ஊன்றிய இடங்களில் ஐலாத்தும் ஒன்று. ஐரோப்பாவின் குளிர்கால விடுமுறைக்காரர்கள் வந்தார்கள், ஹோட்டல்கள் எழுந்தன. 1985-ல் தடையில்லா வணிகப் பகுதி ஆனது. தாபாவை இழந்தது: எகிப்தோடு நடந்த எல்லைத் தகராறில் 1988-ல் வந்த நடுவர் தீர்ப்பு எகிப்துக்குச் சாதகமாக இருந்தது, 1989 மார்ச்சில் அந்தக் கடற்கரையும் அங்கிருந்த ஹோட்டலும் எகிப்துக்குப் போயின. 1994-ல் ஜோர்தானோடு அரவா பள்ளத்தாக்கில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. உம் ரஷ்ரஷின் பழைய மண்கட்டடம் ஒன்று கடைவீதிக்கும் ஹோட்டல்களுக்கும் பக்கத்தில் நினைவிடமாக வைக்கப்பட்டிருக்கிறது.

கடலின் சாவி என்ற பிரச்சினை அத்தோடு ஓயவில்லை. 2023 நவம்பர் 19-ல் யேமனின் ஹூதி இயக்கத்தினர் செங்கடலின் தென்பகுதியில் கேலக்ஸி லீடர் என்ற வாகனச் சரக்குக் கப்பலைப் பிடித்தார்கள். அதற்குப் பின் ஐலாத்துக்குக் கப்பல் வருவது சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நின்றே போனது. கிழக்கு ஆசியாவிலிருந்து வரும் கார்களும், சாக்கடல் பொட்டாஷ் உரம் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போவதும் அந்தத் துறைமுகத்தின் முக்கிய வேலைகள். கார்கள் மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குத் திருப்பப்பட்டன. பொட்டாஷ் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. டிரான் நீரிணை இந்த முறை திறந்தேதான் இருந்தது. வழி அடைபட்டது அதற்கும் வெகு தெற்கே, செங்கடலின் தென்வாசலான பாப் எல்-மந்தெப் நீரிணையில்.